பாலங் கட்டப் பயிலும் மாணாக்கர்

ஆற்றின் இருகரையையும் இணைத்து மாந்தரும் ஊர்திகளும் இடையூறின்றிச் செல்லுதற்கு அமைவது பாலம் என்பதை யாவரும் அறிவர். எனினும், அதன்மேல் நாடோறும் செல்வோருள் அஃது எவ்வாறு நிற்கின்றது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. நிற்குங்காறும் அதனை நினைப்பாரில்லை. வீழ்ந்த பின்னரே நாடு முழுவதும் அதனைப் பற்றிப் பேசுகின்றது. பிறர் நினையாத காலத்தும் தாம் நினைந்து, கணக்கிட்டு, அதனைக் காத்தல் பொறியியலார் கடனாகும். அக்கடனை மாணாக்கர் இளமையிலேயே தம் கைப்படச் செய்து பயிலும் பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எஃகுப் பாலப் போட்டியொன்று ஏற்படுத்தப்பட்டுள்ளது. அதன் இயல்பையும், அதற்கு மாணாக்கர் ஆயத்தஞ் செய்துகொள்ளும் முறையையும் ஈண்டுச் சுருக்கமாக விளக்கப் புகுகின்றோம்.

இலக்கியம் பயில்வோர்க்கு எஃகினோடு என்ன உறவு என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். செய்யுள் இயற்றுதலை நம் முன்னோர் யாத்தல் என்றனர், யாத்தலாவது கட்டுதல். எழுத்தால் அசையும், அசையாற் சீரும், சீரொடு சீர் பொருந்துமிடத்துத் தளையும், அவற்றால் அடியும் அமைவதாக நாம் பயிலும் யாப்பும் ஒரு கட்டடக் கலையே அன்றோ? சிறிய உறுப்புக்களை விதி பிழையாது பொருத்திப் பெரியதோர் உருவத்தைச் சமைத்தல் சொல்லுக்கும் எஃகுக்கும் பொதுவாயிருத்தலின், இப்பொருள் எமக்கு முற்றும் அயலானதன்று எனத் துணிந்தே இதனை எழுதலாயினேம்.

போட்டியின் வரலாறும் விதிகளும்

அமெரிக்க எஃகுக் கட்டுமானக் கழகம் 1921-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதன் ஆதரவில் 1987-ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தில் சில கல்லூரிகளுக்குள்ளே சிறு அளவில் இப்போட்டி தொடங்கிற்று. 1992-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாவது தேசியப் போட்டி நடைபெற்றது. அதிற் கலந்துகொண்ட குழுக்கள் 13. பின்னர் ஆண்டுதோறும் குழுக்கள் பெருகியமையின், வட்டாரப் போட்டிகளில் மேம்பட்டோரே தேசியப் போட்டிக்குச் செல்லும் முறை ஏற்பட்டது. 1852-ஆம் ஆண்டிலேயே தோன்றிய அமெரிக்கக் குடிசார் பொறியியலார் சங்கமும் இம்முயற்சிக்குத் துணைநின்றது. கனடா முதலிய பிற நாட்டு மாணாக்கரும் இதிற் கலந்துகொண்டதுண்டு.

போட்டிக்குரிய பாலம் விளையாட்டுப் பொம்மையன்று. மெய்ப்பாலத்தின் பத்திலொரு பங்கு அளவினதாக, ஏறத்தாழ 20 அடி நீளமுடையதாக அமைவது. ஒவ்வோர் ஆண்டும் விதிக்குழுவினர் ஒரு புதிய கற்பனைச் சூழ்நிலையை வெளியிடுவர்: இன்ன இடத்தில் இன்ன ஆறு ஓடுகின்றது, அதற்குப் பாலம் வேண்டும், அவ்விடத்துத் தடைகள் இவை, பாலத்தின் நீள அகல உயரங்கள் இவ்வெல்லைக்குள் அடங்கல் வேண்டும் என்பதாக அஃது அமையும். ஆண்டுதோறும் விதிகள் மாறுதலின், சென்ற ஆண்டுப் பாலத்தை அப்படியே இவ்வாண்டுக்குக் கொண்டுவர இயலாது. பழைய செய்யுளைப் பெயர் மாற்றிப் பாடுவார்க்கு இவ்வரங்கில் இடமில்லை.

விதிகளுட் சில பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒரு தன்மையனவாகவே வந்துள்ளன. பாலம் எஃகினால் ஆதல் வேண்டும். காந்தத்தை அணுக்கி அதனைச் சோதிப்பர். ஓர் உறுப்பு ஏறத்தாழ 3½ அடி நீளமும், 6 அங்குல அகலமும், 4 அங்குல உயரமும் உள்ள பெட்டிக்குள் அடங்கல் வேண்டும். மெய்யான பாலத்தின் உறுப்புக்கள் சாலைவழியே வண்டிகளிற் செல்லுதற்குரிய அளவினவாக இருக்க வேண்டுமன்றோ? அதனைக் குறிப்பதே இவ்விதி. உறுப்புக்களைப் போட்டிக் களத்திலேயே திருகாணியும் மரையுங்கொண்டு பூட்டல் வேண்டும். போல்ட்டு, நட்டு எனப் பட்டறைகளில் வழங்குவன இவையே. களத்தின் தரையில் ஆறு ஒன்று கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கும். கட்டுவோர் அவ்வாற்றிற் கால்வைத்தாலும், கருவியையோ திருகாணியையோ கீழே நழுவவிட்டாலும் தண்டனையாகக் காலம் கூட்டப்படும். கட்டி முடித்த பாலத்தின்மேல் மொத்தம் 2,500 இராத்தல் சுமை ஏற்றிச் சோதிப்பர்.

செலவைக் கணக்கிடுதல்

கோபுரம் எழுப்ப விரும்புவோன் முதற்கண் அமர்ந்து, முடிக்கத்தக்க பொருள் தன்னிடத்து உண்டோ என எண்ணிப் பாரானோ என்று நம் ஆண்டவர் வினவியதை அன்பர் அறிவர். இப்போட்டிக்கு ஆயத்தஞ் செய்வோர் முதலிற் செய்யவேண்டுவதும் அத்தகைய எண்ணுதலே. வெல்பவர் யார் என்பதை வெறுங்கண்ணாற் கண்டு முடிவு செய்வதில்லை. தோற்றப் பொலிவு, கட்டும் விரைவு, நிறைக்குறைவு, தொய்யாத உறுதி, கட்டுமானச் சிக்கனம், அமைப்புத் திறன் ஆகியன தனித்தனியே மதிக்கப்படும். இவற்றுள் இறுதி இரண்டனையும் கற்பனைப் பணமாக மாற்றிக் கூட்டி, மிகக் குறைந்த தொகை பெற்ற குழுவே மொத்தத்தில் முதன்மை பெற்றது எனக் கொள்வர்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். சில ஆண்டுகளின் விதிகளில் பாலத்தின் ஓர் இராத்தல் நிறைக்கு 10,000 டாலரும், ஓர் அங்குலத் தொய்வுக்கு 10,00,000 டாலரும், கட்டுவோருள் ஒருவர் செலவிடும் ஒரு நிமிடத்துக்கு 50,000 டாலரும் விலையாக விதிக்கப்பட்டன. எனவே ஓர் அங்குலத் தொய்வு 100 இராத்தல் எஃகுக்கு ஒப்பாகும். ஒருவரது ஒரு நிமிடம் 5 இராத்தலுக்கு ஒப்பாகும். 10 இராத்தல் எஃகைக் கூட்டுவதனால் தொய்வு பத்திலொரு பங்கு அங்குலத்துக்கு மேற் குறையுமாயின் கூட்டுதலே தக்கது; குறையாதாயின் அவ்வெஃகு வீண்சுமை. ஐவர் 12 நிமிடத்திற் கட்டுவதும் அறுவர் 10 நிமிடத்திற் கட்டுவதும் கணக்கில் ஒன்றே. ஆதலின் ஆறாமவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் குழு, அவரால் 2 நிமிடத்துக்கு மேல் மீதமாகுமோ என்று முன்னரே ஆராய்தல் வேண்டும். ஆள் மிகுந்தால் வேலை விரையும் என்னும் பொதுக்கருத்து இவ்விடத்துச் செல்லாது.

வடிவம் தெரிதல்

விலை தெரிந்த பின்னர் வடிவம் தெரிதல் வேண்டும். நான்கு சட்டங்களை மூலைகளில் ஒவ்வோர் ஆணியால் இணைத்துச் சதுரமாக்கி, ஒரு மூலையைத் தள்ளினால் அஃது எளிதிற் சாய்ந்து வேறுருக் கொள்ளும். மூன்று சட்டங்களை அவ்வாறே இணைத்தாலோ, சட்டம் நீண்டாலன்றிக் குறுகினாலன்றி அம்முக்கோணம் உருமாறாது. பெரும் எஃகுப் பாலங்கள் பலவும் முக்கோணங்களின் நிரலாக அமைந்திருத்தற்குக் காரணம் இதுவே.

இனி, பாலத்தின்மேற் சுமை நிற்குங்கால் அதன் மேற்சட்டங்கள் அமுக்கப்படுகின்றன; அடிச்சட்டங்கள் இழுக்கப்படுகின்றன. 20 அடி நீளமுள்ள பாலத்தின் நடுப்புள்ளியில் 2,500 இராத்தற் சுமை முழுவதும் குவிந்து நிற்பதாகக் கொள்வோம். மேற்சட்டத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே 2 அடி உயரமிருந்தால் நடுவிடத்து அடிச்சட்டங்களில் எழும் இழுவிசை 6,250 இராத்தல். உயரம் 1 அடியேயாயின் அவ்விசை 12,500 இராத்தல். விசை இருமடங்காதலோடு, அதே பருமனுள்ள சட்டங்களைக் கொண்ட பாலத்தின் தொய்வு ஏறத்தாழ நான்மடங்காகும். ஆகவே விதி இடங்கொடுக்கும் வரையில் உயரத்தைக் கூட்டுதலே அறிவுடைமை. எனினும் உயரம் கூடக் குறுக்குச் சட்டங்கள் நீளும், பூட்டவேண்டிய உறுப்புக்கள் மிகும், காலமும் கழியும். ஒன்றைப் பெற வேண்டின் மற்றொன்றைச் சிறிது இழத்தல் வேண்டும் என்பதை மாணாக்கர் முதன்முதல் உணர்வது இவ்விடத்தேயாகும்.

வலிமை மிக்க எஃகை வாங்கினால் தொய்வு குறையும் என்று கருதுதல் இயல்பு. அஃது உண்மையன்று. எஃகின் வகைகள் முறியும் எல்லையில் மிக வேறுபடினும், விசைக்கு இணங்கி நீளும் தன்மையில் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் இராத்தல் என்று பொறியியலார் குறிக்கும் அளவு, மலிந்த எஃகுக்கும் விலையுயர்ந்த எஃகுக்கும் பொதுவானது. ஆகையால் வல்லெஃகு வாங்கிச் சட்டத்தை மெலிவித்தால் நிறை குறையும், தொய்வோ மிகும்.

அமுக்கப்படும் சட்டங்களில் வேறோர் இடர் உண்டு. ஓர் ஈர்க்கை இருமுனையிலும் பற்றி அழுத்தினால், நசுங்குதற்கு முன்னரே அது வளைந்து விலகுகின்றது. இந்நெளிவின் இலக்கணத்தை ஆய்லர் என்னும் கணித அறிஞர் 18-ஆம் நூற்றாண்டில் வகுத்தார். சட்டத்தின் நீளத்தைப் பாதியாக்கினால் அது நெளியாது தாங்கும் சுமை நான்மடங்காகும் என்பது அதன் பயன். நீண்ட மேற்சட்டத்தை இடையிடையே குறுக்குச் சட்டங்களாற் பிணிப்பதும், உருட்டுக் கம்பிக்கு மாறாக அதே நிறையுள்ள உட்டுளைக் குழாயைக் கொள்வதும் இது பற்றியே. இக்கணக்குகளையெல்லாம் இக்காலத்துக் கணிப்பொறி நொடிப்பொழுதிற் செய்து தருகின்றது. எனினும், தந்த விடை பொருந்துமா என்று கையாற் போட்டுப் பார்க்க அறியாதவனுக்கு அப்பொறி பெரிதும் உதவாது.

தளையின் அருமை

செய்யுளிற் சீர்கள் தனித்தனியே சிறந்திருப்பினும் தளை தட்டினால் ஓசை கெடுகின்றது. பாலத்தினும் அவ்வாறே. 20 அடி அடிச்சட்டத்தை 3½ அடிக்கு மேற்படாத துண்டுகளால் ஆக்க வேண்டின் 6 துண்டுகளும், அவற்றிடையே 5 மூட்டுக்களும் வேண்டும். திருகாணி எளிதில் நுழையும் பொருட்டுத் துளையைச் சற்றே பெரிதாக இட்டு, ஒவ்வொரு மூட்டிலும் 32-இல் ஒரு பங்கு அங்குலம் நெகிழ்ச்சி உண்டாயிற்று என வைத்துக்கொள்வோம். கண்ணுக்கும் புலப்படாத அச்சிறு நெகிழ்ச்சி ஐந்திடத்துஞ் சேர்ந்து, 2 அடி உயரமுள்ள பாலத்தின் நடுவை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அங்குலம் தாழ்த்திவிடும். முன்னர்க் கூறிய விலையில் இது 20 இராத்தல் எஃகுக்கு ஒப்பாகும். துளையை இறுக்கமாக இட்டாலோ, பூட்டுங்கால் ஆணி நுழையாது காலம் வீணாகும். இவ்விரண்டற்கும் நடுவான அளவை, ஒரு மூட்டைப் பலவாறு செய்து பார்த்தே காணல் வேண்டும்.

மூட்டினைப் பற்றிய இக்கவலை போட்டிக்கு மட்டும் உரியதன்று. மின்னியாபொலிசு நகரில் மிசிசிப்பி ஆற்றின்மேல் 1967-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நெடுஞ்சாலைப் பாலம் 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1-ஆம் நாள் மாலையில் ஊர்திகளோடு இடிந்து வீழ்ந்தது; 13 பேர் இறந்தனர்; 145 பேர் காயமுற்றனர். சட்டங்களை ஒருங்கே பிணிக்கும் மூட்டுத் தகடுகளுட் சில வேண்டிய தடிப்பிற் பாதியளவே உடையனவாக முதல் வரைவிலேயே அமைந்துவிட்டன என்று பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சியில் வெளியாயிற்று. நாற்பதாண்டு காலம் அக்குறை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பட்டறையும் பயிற்சியும்

வரைவு முடிந்தபின் பட்டறை வேலை தொடங்கும். குழாயை அளந்து அறுத்தல், முனையை அராவுதல், துளையிடுதல், பற்றவைத்தல் எனப் பல தொழில்கள் அங்கு உள. பற்றவைத்த இடம் ஆறுங்காற் சுருங்கும். சுருங்கவே நேரான துண்டு வளையும். இதனைத் தடுத்தற்கு, துண்டுகளை அசையாமற் பிடித்துக்கொள்ளும் உறுதியான சட்டம் ஒன்றனை முதற்கண் ஆக்கிக்கொண்டு, அதிற் பிணித்தவண்ணமே சிறிது சிறிதாக மாறி மாறிப் பற்றவைப்பர். ஒரே அச்சிற் செய்த துண்டுகளே ஒன்றற்கொன்று மாறாகப் பொருந்தும். தாளில் நேர்க்கோடாகத் தோன்றியது எஃகில் நேர்க்கோடாதற்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதை மாணவ மாணவியர் இங்கே கற்பர். பட்டறைத் தொழிலாளரிடத்து உண்மையான மதிப்பும் அவர்க்கு இங்கே உண்டாகும்.

பின்னர், கட்டும் பயிற்சி. யார் எத்துண்டை எடுப்பது, எவ்வழியே நடப்பது, எத்திருகாணியை எக்கையாற் செலுத்துவது என்பன யாவும் முன்னரே வகுக்கப்பெறும். ஆற்றைக் கடத்தற்கு இடமின்மையின் இருகரையிலும் நிற்போர் தத்தம் பக்கத்திலிருந்தே வேலை செய்து நடுவிற் கூடுவர். தேர்ந்த குழுக்கள் 20 அடிப் பாலத்தை 10 நிமிடத்துக்குள் கட்டிவிடுவதுண்டு. அவ்விரைவு பதற்றத்தால் வருவதன்று. நழுவிய ஒரு திருகாணி தண்டனையைத் தருமாதலின், ஒருவர் மற்றொருவரது கையை நோக்கிக் காத்திருத்தலும், தம் முறை வருங்காற் பிந்தாதிருத்தலுமே விரைவுக்கு வழியாம். தனித்துச் சிறந்தவன் ஒருவனைக் கொண்ட குழுவினும், ஒத்துப் பழகிய எளியோர் குழுவே இதில் மேம்படுதல் இயல்பு.

சோதனை

கட்டி முடித்த பாலத்தை முதலிற் பக்கவாட்டில் ஒரு சிறு விசையால் இழுத்துப் பார்ப்பர். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையுமாயின் சுமையேற்ற இடந்தருவதில்லை. அதன்பின் தளத்தின்மேல் எஃகுச் சட்டங்களை ஒவ்வொன்றாக அடுக்குவர். சுமை வைக்கும் இடம் முன்னரே தெரிந்துவிட்டால் அவ்விடத்தை மட்டும் வலுப்படுத்துவாருளராதலின், போட்டியன்று குலுக்கலாலேயே அவ்விடத்தைத் தெரிவர். மெய்ப்பாலத்தின்மேல் எவ்வண்டி எங்கே நிற்கும் என்பதை முன்னறிவார் யார்? சுமை ஏறுந்தோறும் அளவுகருவிகள் தொய்வைக் காட்டிக்கொண்டிருக்கும். பாலம் முறியினும் ஒருவர்க்கும் ஊறு நேராவண்ணம் அதன்கீழ்த் தாங்கிகள் வைத்திருப்பர். சுமையேற்றுவோர் தலைக்கவசமும் கண்காப்பும் அணிந்திருப்பர். பல மாத உழைப்பு நிலைபெறுமா என்பது அச்சில நிமிடங்களிலே தெரிந்துவிடும்.

இப்பயிற்சி எதன்பொருட்டு?

இத்துணை நுட்பமாக நிறையையும் தொய்வையும் கணக்கிடுதல் மாணாக்கர்க்கு மிகையோ எனின், கனடா நாட்டு வரலாறு அதற்கு விடை கூறும். கியூபெக் நகரை அடுத்துச் செயின்ட் லாரன்சு ஆற்றின்மேல் பெரும்பாலம் ஒன்று கட்டத் தொடங்கினர். தூண்களின் இடைவெளி முதலில் 1,600 அடியாக எண்ணப்பட்டுப் பின்னர் 1,800 அடியாக நீட்டப்பட்டது. நீட்டியபின், பாலத்தின் தன்னிறையை உரிய காலத்தில் மீண்டும் கணக்கிட்டாரில்லை. மெய்ந்நிறை மிகுதியென்பது பின்னர்த் தெரிந்தபோதும், அது பொறுக்கத்தக்கதே என்று விட்டனர். மேற்பார்வைப் பொறியியலாராகிய தியடோர் கூப்பர் புகழ் மிக்கவர். எனினும் இறுதி ஆண்டுகளிற் களத்துக்கு நேரே செல்லாது நியூயார்க்கிலிருந்தே பணியை நடத்தினார். 1907-ஆம் ஆண்டுக் கோடையில் அமுக்கப்படும் அடிச்சட்டங்கள் சில வளையத் தொடங்கின. களத்திலிருந்த இளைய பொறியியலார் அதனை அளந்து, நியூயார்க்குக்கு நேரிற் சென்று கூறினார். இனிச் சுமை ஏற்றற்க என்று கூப்பர் தந்தி கொடுத்தார். அச்செய்தியாற் பணி நிறுத்தப்படுமுன்னர், ஆகஸ்டு 29-ஆம் நாள் மாலையிற் பாலம் ஆற்றில் வீழ்ந்தது. மேலிருந்த தொழிலாளர் 86 பேரில் 75 பேர் மாண்டனர். காநவாகே என்னும் ஊரினரான மோகாக்குப் பழங்குடியினர் 33 பேர் அவருள் அடங்குவர். ஒரு சிற்றூரின் இல்லங்கள் பலவற்றிற்கு ஒரே மாலையில் இருள் புகுந்தது. மீண்டுங் கட்டியபோது 1916-ஆம் ஆண்டில் நடுப்பகுதி தூக்குகையில் வீழ்ந்து மேலும் 13 பேர் இறந்தனர். 1917-ஆம் ஆண்டில் முடிவுற்ற அப்பாலம் இன்றும் நிற்கின்றது.

எனவே, வளைந்த சட்டத்தைக் கண்டவர் இல்லாமையால் அத்தீங்கு நேரவில்லை. கண்டதன் பொருளை உரிய காலத்தில் ஏற்றுக்கொள்ளாமையாலேயே நேர்ந்தது. தம் பாலத்தின்கீழ் நின்று அளவுகருவியின் முள் நகர்வதைக் கண்டறிந்த மாணவனுக்கு, தொய்வு என்பது தாளில் எழுதிய ஓர் எண்ணாகத் தோன்றாது. அவன் பிற்காலத்தில் ஒரு மெய்ப்பாலத்தின் பொறுப்பை ஏற்று, வளைந்த சட்டமொன்றைக் காணுங்கால், அஃது என்ன கூறுகின்றதென விரைந்து உணர்வான் என நாம் நம்பலாம். கனடா நாட்டிற் பொறியியல் முடித்துச் செல்வோர் 1925-ஆம் ஆண்டு முதல் ஓர் உறுதிமொழிச் சடங்கில் இரும்பு மோதிரம் பெற்றுச் சிறுவிரலில் அணிகின்றனர். எழுதும்போதும் வரையும்போதும் தாளில் உராய்ந்து, தம் கடமையை அஃது அவர்க்கு நினைவூட்டும்.

பரிசு பெறுவோர் ஒரு சிலரே. ஆயினும், செலவை முன்னரே எண்ணுதல், கண்ணுக்குப் புலப்படாத மூட்டிலும் கருத்துச் செலுத்துதல், தோழன் கையை நோக்கித் தன் கையை இயக்குதல், அளவுகோல் காட்டும் உண்மையைத் தனக்கு மாறாயினும் ஒப்புக்கொள்ளுதல் ஆகிய நான்கும் தோற்ற குழுவினர்க்கும் உரியனவாகும். பொறியியல் மாணாக்கர்க்கு ஒருவகையாலும், நம்போன்றார்க்கு வேறொரு வகையாலும் இவை வேண்டப்படுவனவே. இனி ஒரு பாலத்தைக் கடக்கும்போது, நாம் காணாத மூட்டுக்களைத் தம் கையால் இறுக்கியவர்களையும், அவற்றைக் காலந்தோறும் ஆராய்ந்து காப்பவர்களையும் நன்றியோடு நினைத்தல் நம் கடனாகும்.